மகனோட சென்னையா... மகளோட திருவனந்தபுரமா?

இரணியல், திங்கள்நகர், தக்கலை பக்கம் நாலு வீடு தாண்டுவதற்குள் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் படித்து, வேலை கிடைத்து, வெளியூர் போய்விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் பெரிய வீட்டில். ஒருநாள் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுகிறார், அல்லது அம்மாவுக்கு ராத்திரி மூச்சு இழுக்கிறது. மறுநாள் காலையிலேயே இரண்டு போன்!

“இனி அங்க தனியா இருக்க வேண்டாம்ப்பா... சென்னைக்கு வந்திருங்க” என்கிறான் மகன்.

“அவ்வளவு தூரம் எதுக்கு? திருவனந்தபுரம் ஒண்ணரை மணி நேரம்தானே... எங்கிட்ட வந்திருங்க” என்கிறாள் மகள்.

எங்கே போவது?

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயது 72, ரிட்டயர்ட் வாத்தியார். பி.பி., ஷுகர் இரண்டும் உண்டு. அம்மாவுக்கு 68. முழங்கால் வலி, குளிர்காற்று பட்டால் இழுப்பு. மகனுக்குச் சென்னை சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மகளுக்குத் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கில் வேலை. இப்படி ஒரு குடும்பம் எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

இது ஒன்றும் புதுக் கேள்வி இல்லை

இடம் மாறுவது நம் பக்கத்துக்குப் பழகிய விஷயம்தான். இரணியலில் வேணாட்டு அரசர்களின் அரண்மனை இருந்தது. பிறகு பக்கத்துப் பத்மநாபபுரம் தலைநகரானது. 1795-ல் தர்மராஜா காலத்தில் அந்தத் தலைநகரமே திருவனந்தபுரத்துக்கு மாறிப்போனது. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்றிலிருந்து நமக்குத் தலைநகரம் 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற சென்னை! சர்க்கார் காரியம் என்றால் வடக்கே... பெரிய வியாதி என்றால் மேற்கே. 1979-ல் திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் பாதை வந்தபிறகு அந்த மேற்குப் பயணம் இன்னும் சுலபமாகிவிட்டது.

ஆக, இரண்டு ஊரும் நமக்கு அந்நியம் இல்லை. அதனால்தான் தீர்மானிப்பது கஷ்டமாக இருக்கிறது.

யாரை வைத்துத் தீர்மானிப்பது?

பெரும்பாலான வீடுகளில் சம்பாதிக்கிறவரை வைத்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். ‘யாருக்குப் பெரிய ஃப்ளாட்?’, ‘யாருக்குச் சம்பளம் அதிகம்?’, ‘மகன் இருக்கும்போது மகள் வீட்டில் போய் உட்காரலாமா?’ என்றுதான் பேச்சு போகிறது.

கொஞ்சம் யோசியுங்கள். மகன் காலை எட்டரைக்கு வெளியே போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவான். மருமகளும் அப்படியே. அந்த வீட்டில், அந்த ஊரில், பகல் முழுக்க இருக்கப் போவது யார்? அப்பாவும் அம்மாவும்தான்! அங்கே உள்ள வெயிலும், படிக்கட்டும், தண்ணீரும், தனிமையும் அவர்கள் உடம்பில்தான் இறங்கும்.

எனவே முதல் விதி இது: வீட்டிலேயே அதிக நேரம் இருக்கப் போகிறவர் யாரோ, அவர்களிலும் உடம்பு பலவீனமானவர் யாரோ, அவருடைய ஒரு சாதாரண நாளை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். பண்டிகை நாளை வைத்து வேண்டாம். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிற நாளை மட்டும் வைத்தும் வேண்டாம். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை வைத்துப் பாருங்கள். காலையில் எங்கே நடப்பார்? யாரோடு பேசுவார்? மத்தியானம் எப்படித் தூங்குவார்? மாத்திரை தீர்ந்தால் தானே போய் வாங்க முடியுமா?

‘மகள் வீடு’ விஷயத்தில் ஒரு வார்த்தை. பெற்றோர் பராமரிப்புக்காக 2007-ல் வந்த மத்தியச் சட்டம், மகன் என்றும் மகள் என்றும் பிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கடமைதான். சட்டமே பார்க்காத வித்தியாசத்தை நாம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

வெயிலும் மழையும்

இரணியல்காரர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. திருவனந்தபுரமும் அப்படியே. பகல் வெப்பம் வருடத்தில் பெரும்பாலும் 30 முதல் 33 டிகிரிக்குள் இருக்கும். சென்னையில் மே மாதம் 37, 38 டிகிரி என்பது சர்வசாதாரணம். 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. மழையும் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

வயதானவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. வயது ஏற ஏற தாக உணர்வு குறைந்துவிடும். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் ‘தண்ணி குடிக்கணும்’ என்று தோன்றாது. பி.பி.க்குச் சிலர் சிறுநீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கோடையில் உப்பும் தண்ணீரும் குறைந்து, எழுந்தவுடன் கிறக்கம் வரும், விழுவார்கள், சில சமயம் பேச்சே குழறும். சென்னைக்குப் போவதாக இருந்தால் போகும் முன்பே, ‘கோடையில் இந்த மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா?’ என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாகவே குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

அப்படியானால் திருவனந்தபுரம்தான் நல்லது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள்! அங்கே ஈரம் அதிகம். ஜூன், ஜூலையில் சுவரில் பூஞ்சணம் பூக்கும், துணி காயாது, மெத்தை தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி பெருகும். இழுப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. சென்னையில் வாகனப் புகையும் கட்டட வேலைத் தூசியும் ஆகாது. அதனால் நம் அம்மா மாதிரி உள்ளவர்கள் ஊரைப் பார்ப்பதைவிட அறையைப் பார்க்க வேண்டும். வெயில் விழுகிற ஜன்னல் இருக்கிறதா? சுவரில் ஓதம் இருக்கிறதா? மெயின் ரோட்டுப் பக்கமா, உள் தெருவா?

தண்ணீர்... வெள்ளம்...

கிணற்றில் மோட்டார் போட்டால் தண்ணீர் வரும் என்று பழகியவர்கள் நாம். நகரத்தில் அப்படி இல்லை. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டே போயின. அதன்பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் கூடியிருக்கின்றன. நெம்மேலியில் இரண்டாவது நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது. அருவிக்கரை அணைத் தண்ணீரைக் குடிக்கிற திருவனந்தபுரத்திலும், 2024 செப்டம்பரில் குழாய் மாற்றும் வேலை இழுத்துப்போய், பல பகுதிகளில் நாலைந்து நாள் தண்ணீர் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டார்கள்.

வெள்ளமும் அப்படித்தான். சென்னையில் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டும் யாருக்கும் மறக்காது. திருவனந்தபுரத்திலும் 2023 அக்டோபரில் ஒரே ராத்திரி மழையில் கழக்கூட்டம் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியது. கேரளத்தில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். காலில் புண் இருக்கும் ஷுகர்காரர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம்.

வெள்ளம் வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், ஃப்ரிட்ஜில் வைத்த இன்சுலின் கெடும், மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் ஓடாது. தரைத்தளம் என்றால் தண்ணீர் நுழையும். ஏழாவது மாடி என்றால் இறங்க முடியாது. வயதானவர்களுக்கு முதல் மாடி நடுவாந்தரமான தீர்வு, அதுவும் படி அகலமாக, கைப்பிடியோடு இருந்தால்!

மேடும் பள்ளமும்

இதை யாரும் யோசிப்பதே இல்லை. சென்னை சமதரை. திருவனந்தபுரம் குன்றும் சரிவுமான ஊர். ‘பக்கத்திலேதான் கடை’ என்பார்கள். போகும்போது இறக்கம், திரும்பும்போது பையைத் தூக்கிக்கொண்டு ஏற்றம்! முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு இது தினப்படித் தண்டனை. வெளியே போவதே குறைந்துவிடும். நடை குறைந்தால் ஷுகர் ஏறும், தூக்கம் கெடும், மனசும் சோர்ந்துபோகும்.

சென்னையில் தரை சமம்தான். ஆனால் நடைபாதையில் கடையும் பைக்கும் நிற்கும். அதனால் எந்த ஊராக இருந்தாலும், வீட்டு வாசலிலிருந்து மருந்துக்கடை, பால்கடை, கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, ஒரு பார்க் இவற்றுக்கு அம்மா தனியாக நடந்து போய்த் திரும்ப முடியுமா என்று ஒருமுறை நடந்தே பார்த்துவிடுங்கள். கார் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்காதீர்கள்!

எந்த ஊரில் நல்ல ஆஸ்பத்திரி?

இரண்டிலும் குறைவில்லை. திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ் 1951-லிருந்து இருக்கிறது. இருதயம், மூளை, நரம்பு வியாதிகளுக்கு ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம். 1980-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்றது. புற்றுநோய்க்கு 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி. நம் மாவட்டத்திலிருந்து அங்கே போகாத குடும்பம் குறைவு. சென்னையில் 1835-ல் தொடங்கிய மெடிக்கல் காலேஜும் ஜெனரல் ஆஸ்பத்திரியும், 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும், 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் இருக்கின்றன. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பை 1996-ல் இந்தியாவிலேயே முதலில் தொடங்கியது சென்னை மெடிக்கல் காலேஜ்தான். 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் பெரிய பெயர்களைப் பார்த்து மட்டும் மயங்கிவிடாதீர்கள். பக்கவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். மாரடைப்புக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதனால் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதா?’ என்பதல்ல. ‘சாயங்காலம் ஆறரை மணி டிராஃபிக்கில், இந்த வீட்டிலிருந்து ஸ்கேன் வசதியுள்ள எமர்ஜென்சிக்குப் போக எத்தனை நிமிடம்?’ என்பதுதான். இதையும் ஒருநாள் அதே நேரத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. படுத்த படுக்கையானால் வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் உண்டா? கேரளம் 2008-லேயே வலிதணிப்பு, ஆதரவு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்து, நகராட்சி அளவில் நர்ஸ் வீடு தேடி வருகிற ஏற்பாடு அங்கே வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் பி.பி., ஷுகர் மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. நீங்கள் போகிற வார்டில் இது எப்படி நடக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

பேச்சுத் துணை

‘கேரளான்னா பாஷைப் பிரச்னை, சென்னைன்னா இல்லை’ என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. இரணியல்காரர்களுக்கு மலையாளம் காதுக்குப் பழக்கம். திருவனந்தபுரத்தில் சாலை, கரமனை, கோட்டைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். இரணியலைக் களமாக வைத்து ‘தலைமுறைகள்’ நாவல் எழுதிய நீல பத்மநாபன் வாழ்ந்த நகரம் திருவனந்தபுரம்தான். ஆனால் பேச்சு புரிந்தாலும் எழுத்து? பஸ் போர்டும், ஆபீஸ் நோட்டீஸும் மலையாளத்தில் இருக்கும். 1956-க்கு முன்பு பள்ளிக்கூடம் போனவர்களில் சிலர் வாசித்துவிடுவார்கள். மற்றவர்கள் யாரையாவது கேட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

சென்னையில் எழுத்து தமிழ். ஆனால் அடுத்த ஃப்ளாட்காரர் பேர் தெரியாமலேயே ஆறு மாதம் ஓடிவிடும். நம் பேச்சைக் கேட்டு ‘நீங்க கேரளாவா?’ என்று கேட்பார்கள்! மொழி ஒன்றாக இருந்துவிட்டால் மட்டும் துணை வந்துவிடாது. நாளைக்கு நாலு பேரோடு நாலு வார்த்தை பேசுவது மாத்திரை மாதிரி அவசியம். தனிமை பி.பி.யையும், இருதயத்தையும், ஞாபகத்தையும் சேர்த்தே பாதிக்கிறது.

ஞாபகமறதி தொடங்கிவிட்டவர்களுக்கு இடமாற்றமே ஒரு சுமை. பழைய வீட்டில் இருட்டிலும் பாத்ரூமுக்கு வழி தெரிந்தவர், புது வீட்டில் பகலிலேயே தடுமாறுவார். அவர்களை இரண்டு மாதம் இங்கே, இரண்டு மாதம் அங்கே என்று பந்தாடாதீர்கள். ஓரிடத்தில் வைத்து, பழைய கட்டில், பழைய போர்வை, பழைய சாமி படத்தோடு பழக்குங்கள்.

காகிதம் முக்கியம்!

மாநிலம் மாறினால் காகிதமும் மாறும். தமிழ்நாடு முதல்வரின் காப்பீட்டுத் திட்டம், தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் வருமான வரம்பும் உள்ளவர்களுக்கானது. தமிழ்நாடு அரசுப் பென்ஷன்காரர்களுக்குத் தனிக் காப்பீடு உண்டு. வெளி மாநிலத்தில் எந்த ஆஸ்பத்திரி அதன் பட்டியலில் இருக்கிறது என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசில் ரிட்டயரானவர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். மருத்துவ நிலையங்கள் இரண்டு ஊரிலும் உண்டு. தனியார் பாலிசி என்றால், சிலவற்றில் பெருநகரத்துக்கு ஒரு பிரீமியம், சின்ன ஊருக்கு ஒரு பிரீமியம் இருக்கும். சின்ன ஊர் கட்டணம் கட்டிவிட்டுப் பெருநகரத்தில் அட்மிட் ஆனால், பில்லில் ஒரு பங்கைக் கையிலிருந்து போடச் சொல்வார்கள். விலாச மாற்றத்தைக் கட்டாயம் தெரிவியுங்கள்.

ஒரு மாத ஒத்திகை

எடுத்த எடுப்பில் வீட்டை விற்கவோ, வாடகைக்கு விடவோ வேண்டாம். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு மாதம் இருந்து பாருங்கள். அதுவும் நல்ல மாதத்தில் அல்ல, மோசமான மாதத்தில்! சென்னையில் மே. திருவனந்தபுரத்தில் ஜூன் பாதியிலிருந்து ஜூலை பாதி வரை. ஒரு நோட்டில் தினமும் ஐந்து விஷயம் குறித்து வாருங்கள்:

1. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார்கள்?

2. எத்தனை நிமிடம் வெளியே நடந்தார்கள்?

3. வீட்டு ஆட்கள் தவிர எத்தனை பேரோடு பேசினார்கள்?

4. பி.பி., ஷுகர் (வாரம் இரண்டு தடவை), இழுப்பு மருந்து எத்தனை முறை தேவைப்பட்டது?

5. எதற்காவது மற்றவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தார்களா?

அப்பாவுக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சண்டை போடாமலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, நம் வாத்தியார் வீட்டுக்கு என்ன சொல்வது?

இப்போதைக்கு அப்பாவும் அம்மாவும் தானே சமைத்து, தானே குளித்து, தானே கடைக்குப் போகிறார்கள். அப்படியென்றால் இரணியலை விடவே அவசரம் இல்லை. ஆசாரிபள்ளத்தில் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, வெஸ்டர்ன் டாய்லெட், ராத்திரி விளக்கு, பகலில் ஒரு துணையாள்... இவற்றுக்கு ஆகிற செலவு, வீடு மாற்றுகிற செலவைவிடக் குறைவு. பெரிய பரிசோதனைக்கு மகளிடம் போய் நாலு நாள் தங்கிவிட்டு வரலாம். சுமார் 55 கிலோமீட்டர்தான். மகனிடம் போக நாகர்கோவிலிலிருந்து வந்தே பாரத் ரயில் 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஒன்பது மணி நேரத்துக்குள் எழும்பூர்.

தனியாக இருக்க முடியாத நாள் வந்தால்? அம்மாவின் முழங்காலும் மூச்சும்தான் முதலில் பேச வேண்டும். அவருக்கு வெயில் அதிகம் தாங்காது, ஏற்றமும் ஏற முடியாது. ஆகவே திருவனந்தபுரத்தில், ஆனால் மேட்டில் இல்லாத, ஓதம் இல்லாத, முதல் மாடிக்கு மேல் போகாத ஒரு வீடு. மகளின் இப்போதைய ஃப்ளாட் சரிவில் இருந்தால், பெற்றோரை அழைக்கும் முன் மகள்தான் வீடு மாற வேண்டியிருக்கும். அந்த வாடகை வித்தியாசத்தில் பாதியை மகன் கொடுக்கட்டும். ‘நான் கூட்டிட்டுப் போகலையே’ என்கிற அவன் வருத்தத்துக்கும் அது மருந்து!

உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். முழங்கால் நன்றாக இருந்து, கண்தான் பிரச்னை என்றால் விடை சென்னையாகக்கூட வரலாம். அப்பாவுக்கு எழுத்து தெரிந்த ஊரில் தனியாக பஸ் ஏறிப் போவதுதான் உயிர் என்றால், அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பேச்சைப் பிள்ளைகள் இரண்டு பேரும் போனில் பேசி முடித்துவிட்டு, ‘இப்படித் தீர்மானிச்சிருக்கோம்’ என்று அப்பா அம்மாவிடம் சொல்லாதீர்கள். ஒரு லீவு நாளில் எல்லோரும் ஊருக்கு வாருங்கள். நோட்டை நடுவில் வையுங்கள். முதலில் அம்மாவைப் பேசவிடுங்கள். ‘உங்க இஷ்டம்’ என்று அவர் சொன்னால் அதை விடையாக எடுத்துக்கொள்ளாமல், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேளுங்கள்.